மேகத்துக்குள் காது பொய் சொல்லும்

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சென்ற ஆண்டு பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கினேன். இதுவரை 118 மணி நேரம் பறந்திருக்கிறேன். ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் கிளப்பின் செஸ்னா 172 ஓட்டுகிறேன். கோடையில் கடற்கரைப் பக்கம் போனால் மேகம் வந்து மூடிவிடுகிறது. இரண்டு முறை வாட்சன்வில்லில் மதியம் வரை மாட்டிக்கொண்டோம். அதனால்தான் கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் பறக்க அனுமதி தரும் இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங்குக்குப் பயிற்சி ஆரம்பித்தேன். ஆறாவது வகுப்பில் முதல்முறையாக உண்மையான மேகத்துக்குள் ஏறினோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விமானம் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது என்று உடம்பு முழுக்கச் சொன்னது. கருவியைப் பார்த்தால் நேராக இருக்கிறது! கை நடுங்கிவிட்டது. கன்ட்ரோலைப் பயிற்றுநரிடம் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. மகளுக்கு ஆறு வயது; மனைவி 'இது நமக்கு வேண்டாம்' என்கிறார். தொடர்வதானால் அரிசோனாவில் பத்து நாளில் முடித்துத் தரும் பயிற்சிக்குப் போய்விடலாமா? வீட்டில் சிமுலேட்டர் வைத்துக்கொண்டால் செலவு குறையுமா? ரேடியோவில் வழிகாட்டும் கன்ட்ரோலர்கள் பேசும் வேகமும் மிரட்டுகிறது. உண்மையைச் சொல்லுங்கள், நான் இதற்குத் தகுதி இல்லாதவனா?

பதில்:

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தகுதியானவர்தான். பயம் வந்ததும் கன்ட்ரோலோடு மல்லுக்கட்டாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தீர்களே, அது ஒன்று போதும் எனக்கு. பதினைந்து ஆண்டுகளாக இந்த ரேட்டிங்குக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மேகத்துக்குள் உடம்பு ஏமாறாத ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. ஏமாந்ததை வெளியே சொல்லாமல் மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கவலை எல்லாம் அவர்களைப் பற்றித்தான்.

அன்று என்ன நடந்தது என்று பார்ப்போம். ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துச் சொம்பை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் சொம்பு சுற்றும், தண்ணீர் அப்படியே நிற்கும். விடாமல் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் கூடவே சுற்றத் தொடங்கும். சட்டென்று நிறுத்தினால் சொம்பு நின்றுவிடும், தண்ணீர் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். நம் உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவமும் இப்படித்தான். திரும்ப ஆரம்பிக்கும்போது திரவம் பின்தங்குவதை வைத்துத்தான் மூளை 'திரும்புகிறோம்' என்று தெரிந்துகொள்கிறது. ஒரே சீராக இருபது விநாடி போலத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடச் சேர்ந்துகொள்ளும்; மூளைக்கு நேராகப் போவதுபோல இருக்கும். அந்த நேரத்தில் இறக்கைகளை நேராக்கினால் எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். விமானம் மிக மெதுவாகச் சாய்ந்தாலோ, அது காதுக்கு எட்டுவதே இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் என் ஊகம் இது: மேலேறும்போது வலப்பக்கம் திரும்பச் சொல்லிக் கன்ட்ரோலர் ஹெடிங் (போக வேண்டிய திசை) கொடுத்திருப்பார், திரும்பிக்கொண்டே மேகத்துக்குள் நுழைந்திருப்பீர்கள், ஹெடிங் வந்ததும் இறக்கையை நேராக்கியிருப்பீர்கள். உடனே காது 'இடப்பக்கம் திரும்புகிறோம்' என்று சொல்லியிருக்கும். வெளியே அடிவானம் தெரிந்திருந்தால் கண் அதை அரை விநாடியில் திருத்தியிருக்கும். மேகத்துக்குள் திருத்த ஆள் இல்லை.

என்னிடம் படித்த ஒருவர் மாண்டரே வளைகுடாவுக்கு மேலே மேகத்துக்குள் பறந்துகொண்டிருந்தார். கருவிகளில் ஒரு குறையும் இல்லை. ஹெடிங் இரண்டு டிகிரிக்குள், உயரம் இருபது அடிக்குள். ஆனால் ஆள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனார். கடைசியில் அவருடைய ஹெட்செட் ஜன்னல் கண்ணாடியில் போய் முட்டி 'டொக்' என்றது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் தான் சாய்ந்திருப்பதே அவருக்குத் தெரிந்தது. காது சொன்னதை உடம்பு கேட்டது, கை கேட்கவில்லை. அன்றைக்கு அவர் பாஸ். நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். அந்த உணர்வு ஒருநாளும் போகாது. எனக்கும் போகவில்லை. அது இருக்கும்போதே கையைக் கருவிக்குக் கட்டுப்பட வைப்பதுதான் இந்தப் பயிற்சி முழுவதும்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மேகத்துக்குள் அது வார்த்தைக்கு வார்த்தை பொருந்தும். கண்ணுக்கு வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. காது பொய் சொல்லும். தீர விசாரிப்பதைத்தான் நாங்கள் ஸ்கேன் என்கிறோம். விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம் என்ன சொல்கிறது? அதை ஹெடிங் ஒத்துக்கொள்கிறதா? உயரம் காட்டும் ஆல்டிமீட்டரும் வேகம் காட்டும் ஏர்ஸ்பீடும் அதே கதையைச் சொல்கின்றனவா? ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. செயற்கை அடிவானமே கெட்டுப்போகலாம். பழைய 172-இல் அதையும் ஹெடிங் இண்டிகேட்டரையும் ஓட்டுவது ஒரே வாக்யூம் பம்ப். அந்தப் பம்ப் போனால் கருவி பொட்டென்று நின்றுவிடாது. உள்ளே சுழலும் கைரோ வேகம் குறையக் குறைய மெல்லச் சாயும். அதை நம்பிக் கையைத் திருப்பினால் நல்ல விமானத்தை நீங்களே கவிழ்த்துவிடுவீர்கள். அதனால்தான் பயிற்றுநர் திடீரென்று ரப்பர் வட்டத்தை எடுத்து அந்த இரண்டு கருவிகளையும் மூடிவிட்டு 'இப்போது ஓட்டுங்கள்' என்பார். எரிச்சலாக இருக்கும், அதை ஆசையோடு செய்யுங்கள். தேர்விலும் ஒரு அப்ரோச் (ரன்வேயை நோக்கி இறங்கி வருவது) இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

சரி, அடுத்த முறை அந்த உணர்வு வரும்போது என்ன செய்வது? வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'இறக்கை நேர், ஹெடிங் 180, உயரம் 3,000.' தமிழிலேயே சொல்லுங்கள், பயிற்றுநர் ஒன்றும் நினைக்க மாட்டார். தலையை அசைக்காதீர்கள். கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுக்கவே எடுக்காதீர்கள். விமானம் திரும்பிக்கொண்டிருக்கும்போது தலையைக் குனிந்து நிமிர்த்தினால் மூன்று குழாய்களும் ஒரே நேரத்தில் குழம்பி, விமானம் உருண்டுவிட்டதுபோல இருக்கும். இரண்டு பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விழுந்ததை விழுந்தபடி விட்டுவிடுங்கள்.

அப்புறம், விமானத்தைத் திருப்பும் பிடியான யோக்கை இறுக்கிப் பிடிப்பது. கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். நடுங்கும் கை இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிப் பிடித்த கை தனக்கே தெரியாமல் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு பென்சிலை எடுத்து நடுவிரலுக்கு மேலும் ஆள்காட்டி விரல், மோதிர விரல் இரண்டுக்கும் கீழுமாகக் கோத்துக்கொண்டு யோக்கைப் பிடியுங்கள். இறுக்கினால் விரல் வலிக்கும். ஒரு வாரத்தில் பிடி தானாகத் தளர்ந்துவிடும்.

உங்கள் மனைவியின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதற்குப் பின்னால் நிஜமான சாவுகள் இருக்கின்றன. 1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் மனைவியோடும் மனைவியின் அக்காவோடும் நியூ ஜெர்சியிலிருந்து மார்தாஸ் வின்யார்டு தீவுக்குப் பைப்பர் சரடோகா என்ற சிறு விமானத்தில் போனார். மேகம்கூட இல்லை. புழுதிப் பனி போன்ற மங்கல், இருட்டு, கீழே கடல். அடிவானம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. சுமார் 310 மணி நேர அனுபவம் இருந்தது. இன்ஸ்ட்ருமெண்ட் பயிற்சியிலும் பாதியில் இருந்தார், உங்களைப் போலவே. திசையுணர்வு குழம்பி விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க முடியாமல் போனதுதான் காரணம் என்று விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான என்டிஎஸ்பி முடிவு சொன்னது. மூவரும் பிழைக்கவில்லை.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் இப்போது நிற்கும் இடம் எவ்வளவு ஆபத்தானது என்று தெரிய வேண்டும். கொஞ்சம் கற்றிருக்கிறீர்கள், முழுதாகக் கற்கவில்லை. பயிற்சியை விட்டுவிடுவதானால், மேகம் வரக்கூடிய நாளில் தனியாகக் கடற்கரைப் பக்கம் போவதையும் சேர்த்து விட்டுவிடுங்கள். ஆறு வகுப்புப் போன தைரியத்தில் 'மெல்லிய மேகம்தானே' என்று நுழைவதுதான் ஆளைக் கொல்லும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை ஒரு பொனான்ஸா விமானத்தில் ஏற்றி, வெளியே தெரியாதபடி செய்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில். அந்த எண்ணை மட்டும் சுவரொட்டி போட்டுப் பயமுறுத்துகிறார்கள். ஆனால் அந்தச் சோதனையை நடத்தியதே, மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் அப்படியே திரும்பி வெளியே வர எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று பார்க்கத்தான். அதே ஆட்களுக்குக் கொஞ்ச நேரம் முறையாகச் சொல்லிக்கொடுத்த பிறகு கிட்டத்தட்ட எல்லா முயற்சிகளிலும் ஒழுங்காகத் திரும்பி வந்தார்கள். இந்த இரண்டாவது பாதியை மனைவியிடம் சொல்லுங்கள். ஒரு நாள் மாலை அவரைப் பயிற்றுநரிடம் அழைத்துக்கொண்டு போய் உட்கார வையுங்கள். கேட்க நினைப்பதை எல்லாம் அவரே நேராகக் கேட்கட்டும், நீங்கள் நடுவில் பேசாதீர்கள். ரேட்டிங் வரும்வரை அவரையும் மகளையும் மேகத்துக்குள் கொண்டு போகாதீர்கள்.

இப்போது அரிசோனா. பத்து நாள் பயிற்சி மோசம் என்று சொல்ல மாட்டேன். தினமும் பறப்பதால் ஸ்கேன் சீக்கிரம் படியும். வேலையையும் வீட்டையும் மறந்து அதிலேயே மூழ்கிக் கிடந்தால் நன்றாகவே வருவார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன், காரணம் ஒன்றுதான்: அங்கே மேகம் கிடைப்பது அரிது. விதி கேட்பது 40 மணி நேரம் 'உண்மையான அல்லது செயற்கையான' கருவிப் பறத்தல். செயற்கை என்றால் வெளியே தெரியாதபடி மறைக்கும் ஹூட் அல்லது ஃபாகிள்ஸைக் கண்ணுக்குப் போட்டுக்கொண்டு பறப்பது. அதாவது ஒரே ஒரு மேகத்துக்குள்கூட நுழையாமல் இந்த ரேட்டிங்கை வாங்கிவிட முடியும். வாங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹூட்டுக்குக் கீழே ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சமும் நிழலும் தெரியும், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரியும். அது போதும் மூளைக்கு, பொய்யைத் திருத்திக்கொள்ள. நீங்கள் பயந்தது மேகத்தைக் கண்டு. மேகமே இல்லாத ஊரில் போய் அதற்கு மருந்து தேட முடியாது.

நீங்கள் இருக்கும் ஊரோ இதற்கென்றே வாய்த்த ஊர். கோடைக் காலையில் கடலிலிருந்து வரும் மரைன் லேயர் மெல்லிய மேகப் படலம். உள்ளே இடி மின்னல் இல்லை, பனிக்கட்டி பிடிக்காது, குலுக்கலும் குறைவு. மேலே போனால் வெயில், கீழே வந்தால் ரன்வே. நாட்டின் மற்றப் பகுதிகளில் படிப்பவர்களுக்குக் கிடைக்கும் மேகம் பல நாள் இடியோடு வரும், அல்லது பனிக்கட்டியோடு வரும். வாரத்துக்கு இரண்டு முறை, முடிந்தால் மூன்று முறை பறங்கள். வாரம் ஒன்று என்றால் ஒவ்வொரு முறையும் பழையதைத் திருப்பிப் படிப்பதிலேயே பாதி வகுப்பு போய்விடும், பணமும் கூடப் போகும். மூன்று வார இடைவெளி உங்கள் ஸ்கேனை மழுங்கடித்திருக்கும். முதல் இரண்டு வகுப்பு வெறும் ஹூட் போட்டு நேராகப் பறப்பதிலும் நிமிடத்துக்கு 180 டிகிரி வீதம் திரும்புவதிலும் செலவழியுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பயிற்றுநரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை உண்மையான மேகத்துக்குள் போனீர்கள்?' தயங்காமல் பதில் வந்தால் சரி. வராவிட்டால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மேக வகுப்புகளுக்கு மட்டும் வேறொருவரைப் பாருங்கள்.

செலவுக் கணக்கு மணிக் கணக்கில்தான் இருக்கிறது. 40 மணியில் பயிற்றுநரோடு கட்டாயம் பறக்க வேண்டியது 15 மணி. மீதி 25-ஐ சேஃப்டி பைலட்டோடு பறக்கலாம். உங்கள் கிளப்பிலேயே பிரைவேட் லைசென்ஸும் செல்லுபடியாகும் மெடிக்கலும் (மருத்துவச் சான்று) இருக்கிற ஒரு நண்பரைப் பிடியுங்கள். நீங்கள் ஹூட்டுக்குள், அவர் வெளியே பார்ப்பார். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ளுங்கள், வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். 1929 செப்டம்பர் 24 அன்று லாங் ஐலண்டின் மிட்சல் ஃபீல்டில் ஜிம்மி டூலிட்டில் என்ற ராணுவ விமானி மூடிய காக்பிட்டுக்குள் உட்கார்ந்து, வெளியே பார்க்காமலே ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டியபோது முன் இருக்கையில் பென் கெல்சி என்ற லெப்டினன்ட் அவசரத்துக்கு உட்கார்ந்திருந்தார். ஆனால் எல்லா 25 மணியையும் நண்பரோடு போட்டுவிடாதீர்கள். தப்பான ஸ்கேன் ஒருமுறை பழகிவிட்டால் அதைக் கழற்ற இரண்டு மடங்கு நேரம் ஆகும். முதல் 20 மணி பயிற்றுநரோடு, அப்புறம் நண்பர், கடைசியில் மறுபடி பயிற்றுநர் என்பது என் வழக்கம். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் பயிற்றுநரோடு 3 மணி நேரம் பறந்திருக்கவும் வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது இன்னொரு கணக்கில்: விமானத்தின் பொறுப்பாளராக 50 மணி நேரக் கிராஸ்-கன்ட்ரி. இதற்குப் புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிகல் மைலுக்கு மேல் உள்ள ஓரிடத்தில் இறங்கியிருக்க வேண்டும். உங்கள் ரீட்-ஹில்வியூவிலிருந்து ஸ்டாக்டன், மாண்டரே இரண்டுமே 45 மைலுக்குள் அடங்கிவிடும், சேராது. மெர்செட் சேரும், சாக்ரமென்டோ எக்ஸிக்யூட்டிவ் சேரும். வகுப்பையே அங்கே போய் இறங்குகிற மாதிரி வைத்துக்கொண்டால் ஒரே வாடகையில் கருவி மணியும் கிராஸ்-கன்ட்ரி மணியும் சேர்ந்து ஏறும். இதை முதல் நாளே திட்டம் போட்டால் பல நூறு டாலர் மிச்சம்.

வீட்டுச் சிமுலேட்டரை வாங்குங்கள், ஆனால் அந்த மணிகளை லாக் புத்தகத்தில் எழுத முடியாது. எழுத வேண்டுமானால் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ அங்கீகரித்த பயிற்சிக் கருவியில், பயிற்றுநர் கூட இருந்து செய்ய வேண்டும்; அட்வான்ஸ்டு வகை என்றால் 20 மணி வரை, பேசிக் வகை என்றால் 10 மணி வரை கணக்கில் சேரும். வீட்டில் இருப்பது நடைமுறை பழக மிக நல்லது. வானில் சுற்றியபடி காத்திருக்கும் ஹோல்டிங்குக்குள் எப்படி நுழைவது, ஜிபிஎஸ்ஸில் எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது, அப்ரோச் சார்ட்டை எந்த வரிசையில் படிப்பது, இதை எல்லாம் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துக் காற்றில் கற்பது வீண். நடுவில் நிறுத்திவைக்கும் பட்டனை மட்டும் தொடாதீர்கள். குழம்பினால் குழம்பியபடியே ஓட்டுங்கள். சிமுலேட்டர் உங்கள் காதை ஏமாற்றாது என்பதையும் மறக்க வேண்டாம். நாற்காலி அசையாமல் இருக்கும்போது எல்லோரும் நல்ல விமானிதான்.

ரேடியோ பயத்துக்கு மருந்து சுலபம். ஐஎஃப்ஆர் கிளியரன்ஸ், அதாவது கருவி விதிகளின்படி பறக்கக் கன்ட்ரோலர் தரும் அனுமதி, எவ்வளவு வேகமாக வந்தாலும் ஒரே வரிசையில்தான் வரும்: எதுவரை போகலாம், எந்த வழி, எந்த உயரம், எந்த ஃப்ரீக்வென்சி, ரேடாரில் உங்களை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டருக்கு என்ன எண். அவர் பேசத் தொடங்கும் முன்பே தாளில் ஐந்து வரி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிரப்ப வேண்டியது மட்டும்தான் மீதி. காரில் வேலைக்குப் போகும்போது விமான ரேடியோவை இணையத்தில் ஒலிபரப்பும் லைவ்ஏடிசியில் நம் பகுதிக் கன்ட்ரோலர்களான நார்கால் அப்ரோச்சைக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று நீங்களே சொல்வீர்கள். நம் உச்சரிப்பு அவர்களுக்குப் புதிதில்லை. வேகமாகத் திருப்பிச் சொல்ல முயல்வதுதான் தப்பு. நிதானமாகச் சொல்லுங்கள், புரியாவிட்டால் 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேளுங்கள். புரியாமல் 'ராஜர்' சொல்வது மட்டும் கூடவே கூடாது.

எழுத்துத் தேர்வைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 60 கேள்வி, 70 எடுத்தால் பாஸ், 24 மாதம் செல்லும். பயிற்சியின் பாதிக்குள் எழுதி முடித்துவிடுங்கள். பறந்து காட்டும் தேர்வான செக்ரைடில் உயரம் 100 அடிக்குள், ஹெடிங் 10 டிகிரிக்குள், வேகம் மணிக்கு 10 நாட்டிகல் மைலுக்குள் நிற்க வேண்டும். அதைவிட முக்கியம், தப்பு வந்ததும் உடனே கண்டுபிடித்துத் திருத்துகிறீர்களா என்பது.

ரேட்டிங் வந்த பிறகு? இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் குடும்பத்தோடு தஹோ ஏரிக்குப் போவதற்கு இது உதவாது. சியரா மலைத்தொடரைத் தாண்ட வேண்டிய உயரத்தில் மேகம் இருந்தால் பனிக்கட்டி பிடிக்கும். உங்கள் 172-க்கு அதில் பறக்க அனுமதி இல்லை, திறனும் இல்லை. உங்களுக்கு இந்த ரேட்டிங் வாங்கித் தருவது கோடைக்காலக் கடற்கரைதான், அதுவே கணிசம். ரேடியோ அலைகளால் ரன்வேக்கு வழிகாட்டும் சாதாரண ஐஎல்எஸ்ஸில், ரன்வேக்கு மேலே 200 அடி உயரம் வரை மேகத்துக்குள் இறங்கலாம் என்று சார்ட் சொல்லும். முதல் ஆறு மாதம் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். மேகத்தளம் 800 அடிக்குக் கீழே என்றால் வீட்டில் இருங்கள். யாரிடமும் 'ஞாயிறு சாயங்காலம் கட்டாயம் திரும்பிவிடுவோம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

பழக்கம் விட்டுப்போனால் அட்டையில் இருக்கும் ரேட்டிங் காப்பாற்றாது. ஆறு மாதத்துக்குள் ஆறு அப்ரோச், ஹோல்டிங், ரேடியோ தடத்தைப் பிடித்துத் தொடர்வது, இவை விதி கேட்கும் குறைந்தபட்சம். மாதம் ஒருமுறையாவது செய்யுங்கள் என்பது என் கணக்கு. 2020 ஜனவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் கலாபாசஸில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்டும் அவர் மகளும் உட்பட 9 பேர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்களே, அந்த விமானியிடம் இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் இருந்தது. பயிற்றுநராகவும் இருந்தவர். கண்பார்வை விதிகளின்படி போய்க்கொண்டிருந்தவர் மேகத்துக்குள் ஏறிவிட்டார். 4,000 அடிக்கு ஏறுவதாகக் கன்ட்ரோலரிடம் சொன்னார். சொல்லும்போது ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஏறுகிறோம் என்று அவர் மனதார நம்பியிருக்கிறார். இந்த அறிக்கையை ஒவ்வொரு மாணவரோடும் உட்கார்ந்து படிக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் மனசு கனத்துப்போகிறது.

இனி உங்களுக்கு நான் எழுதித் தரும் மருந்துச் சீட்டு. ஹூட் வகுப்பு இரண்டு முடிந்ததும், காலை மேகம் கடற்கரையில் நிற்கும் ஒரு நாளாகப் பாருங்கள். பயிற்றுநரோடு ஐஎஃப்ஆர் திட்டம் பதிவு செய்து ரீட்-ஹில்வியூவிலிருந்து வாட்சன்வில்லுக்குப் போங்கள், 24 நாட்டிகல் மைல்தான். அப்ரோச் செய்து மேகத்தின் வழியாக இறங்குங்கள். இறங்கி, ஒரு காபி குடியுங்கள். அவசரமில்லை. பிறகு மேகத்துக்கு மேலே ஏறும் வரைக்கும் மட்டும் கிளியரன்ஸ் கேளுங்கள். அந்தப் பக்கம் தினமும் கேட்கும் விஷயம் அது, கன்ட்ரோலர் ஒன்றும் வினோதமாக நினைக்க மாட்டார். 'இன்ன உயரத்துக்குள் மேலே வந்துவிடாவிட்டால் அந்த உயரத்திலேயே இருந்து சொல்லுங்கள்' என்று அவர் சேர்த்துச் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். படலம் 1,000 அடி தடிமன் என்றால், நிமிடத்துக்கு 500 அடி ஏறினால் உள்ளே இருப்பது இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் காது ஏதேதோ சொல்லும். சொல்லட்டும். 'இறக்கை நேர்' என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருங்கள்.

மேலே வந்ததும் வெயில் முகத்தில் அடிக்கும். வடக்கே லோமா பிரியேட்டா மலை மட்டும் வெள்ளைக் கடலில் தீவு போல நிற்கும். அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி கிளியரன்ஸ் வாங்கி இறங்குங்கள். ஒரே காலையில் இப்படி நான்கு முறை. நான்காவது முறை மேலே வந்ததும், பென்சில் கோத்த விரல் வலிக்கிறதா, இல்லை மறந்தே போய்விட்டதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.